அண்ணி முகர்ந்து பார்த்த டம்ளர்

போன மாதம் ஒரு எவர்சில்வர் டம்ளர் என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பெரிய டம்ளர் இல்லை, காபி குடிக்கிற அளவுதான். விளிம்பில் ஓரிடத்தில் லேசாக நசுங்கியிருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். என் பெயர் அல்ல, கொடுத்தவரின் பெயர். என் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரரின் அக்கா வாங்கி வைத்த பாத்திரங்களில் இது ஒன்று. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தேய்த்துத் தேய்த்து இப்போது அந்தப் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் படிக்க முடிகிறது. இந்த டம்ளர் எங்கள் வீட்டை விட்டுப் போனது ஒரு சந்தேகத்தால். திரும்பி வந்தது எதனால் என்று இன்னும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அண்ணி தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். புடவை விற்கிற வேலை அல்ல. கடை மூடியதும் வீட்டுக்குக் கிளம்பும் பெண்களைப் பின்வாசலில் வரிசையாக நிறுத்தி, பையைத் திறந்து பார்த்து, இடுப்பைத் தடவிப் பார்த்து வெளியே அனுப்புகிற வேலை. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொல்வார். மூடியை எடுத்ததும் முதலில் மூக்கைத்தான் கொண்டு போவார். சாப்பிட்ட டப்பாவில் சாப்பாட்டு வாசனை வர வேண்டும், புதுத்துணி வாசனை வரக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய சட்டம். "நான் பைய பாக்கறதில்ல, மூஞ்சியத்தான் பாக்கறேன். தலய குனிஞ்சிகினு வர்றா பாரு, அவகிட்டதான் எதுனா இருக்கும்" என்று சொல்வார். நான் சின்ன வயதிலிருந்தே யாரிடம் பேசினாலும் தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் சைதாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு, தைக்கக் கொடுப்பவர்களிடம்கூட நிமிர்ந்து கூலி கேட்கத் தெரியாமல் இருந்தவள். அண்ணியின் சட்டப்படி நான் எப்போதும் எதையோ ஒளித்து வைத்திருப்பவளாகத்தான் தெரிந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தாலும் அவருடைய மூக்குக்கு ஓய்வு கிடையாது. பால் கவரை வெட்டியதும் முகர்வார். பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கினால், கூடைக்காரம்மா முகத்துக்கு நேரே செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போடுவார். யார் வீட்டில் என்ன குடிக்கக் கொடுத்தாலும் ஒரு தடவை மூக்கருகே கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் வாயில் வைப்பார். "எங்கக்காவுக்கு சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும், கைய விரிச்சு காட்டு நைனான்னு கேக்கும்" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். தம்பி என்றால் அண்ணிக்கு உயிர். அவர் சொன்னால் மட்டும் கோபம் வராது.

அந்தத் தம்பிக்குப் பித்தப்பையில் கல் என்று மயிலாப்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தோம். அப்போதெல்லாம் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று கட்டிலில் அட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். காலையில் முதல் கேஸ் இவர்தான் என்றார்கள். ஆனால் ஏதோ அவசரக் கேஸ் வந்து, இவரைத் தள்ளி, இன்னொன்று வந்து, இன்னும் தள்ளி, பிற்பகல் ஆகிவிட்டது. இவருக்கு உதடு வெடித்துப் போய், பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். எனக்கும் காலையிலிருந்து ஒன்றும் இல்லை, தலை சுற்றியது. வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டு வந்திருந்தேன். தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு படுத்திருப்பவர் எதிரில் உட்கார்ந்து எப்படிக் குடிப்பது? டம்ளரையும் பிளாஸ்கையும் முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், அங்கே நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணி வந்திருந்தார். கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கையில் வாழை இலைத் துண்டில் மடித்த பிரசாதம். தம்பியின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, தலைமாட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. இவரைத் தூக்கி அதில் கிடத்தியபோது இவருடைய கன்னம் ஒரு பக்கம் உப்பி, மெதுவாக அசைந்தது போல எனக்குப் பட்டது. நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் ரத்தத்தில் சர்க்கரை ஏகமாக ஏறியிருந்தது. அதுவரை இவருக்குச் சர்க்கரை என்று ஒன்று கிடையாது. இன்சுலின் ஊசி போட்டார்கள். இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பிறகு தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. சுற்றி வந்த சின்ன டாக்டர், எங்கள் இருவரையும் பார்த்து, "ஆபரேஷனுக்கு முன்னாடி யாராவது ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு அது போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வி.  அண்ணி குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த என் கூடையை இழுத்து, கழுவ மறந்துபோன டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா இது, காப்பி வாசன வருது?"

"அன்னிக்கு நான் குட்ச்சது அண்ணி."

"எங்க குட்ச்சே?"

"மாடிப்படில."

"ஏன், இங்க நாற்காலி இல்ல?"

 தலையைக் குனிந்துகொண்டேன். என்னுடைய மொத்த வழக்கும் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது. "அவன் கெஞ்சியிருப்பான், இவ மனசு கேக்காம ஊத்திட்டிருப்பா. சக்கர போட்ட காப்பி" என்று வெளியே வராந்தாவில் அண்ணி யாரிடமோ சொல்வது கேட்டது. நான் ஒண்ணும் துன்னல, குடிக்கல என்று இவர் எத்தனையோ முறை சொன்னார். பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்று அதையும் எனக்கு எதிராகவே சேர்த்துக்கொண்டார்கள். அண்ணி அந்த டம்ளரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். கடையில் பிடிபட்ட சாமானைத் தனியே எடுத்து வைப்பாரே, அது போல. நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

புண் ஆறி, சர்க்கரையும் தானாகவே பழைய நிலைக்கு வந்து, இவர் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆனால் எனக்கு விழுந்த பெயர் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், பெண்கள் முறை போட்டுக்கொண்டு துணைக்கு இருப்போம். பிளாஸ்க், போர்வை, கூடை எல்லாம் கை மாறிக்கொண்டே இருக்கும். அந்த முறையில் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவள் இந்தக் குடும்பத்தின் மனுஷி என்று அர்த்தம். அதற்குப் பிறகு என் முறை வரவே இல்லை. பிரசவமானாலும், டெங்கு காய்ச்சலானாலும், "நீ வீட்ட பாத்துக்கம்மே, நாங்க இருந்துக்கறோம்" என்பார்கள். என் மாமியார் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட என்னை அவரோடு தனியாக விடவில்லை. கஞ்சி நான்தான் காய்ச்சினேன். கிண்ணத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அண்ணி அதை முகர்ந்து பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவர்களுக்கு என்மேல் ஒரு சந்தேகம் என்றால், எனக்கும் ஒன்று இருந்தது. அந்த உப்பிய கன்னம். எங்கள் வீட்டில் விரதம் இருக்கிறவர்கள்கூடப் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொள்வார்கள். அது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. வேண்டாம் என்றால்தான் பாவம். அர்ச்சனைத் தட்டில் கல்கண்டு வைக்காமல் அண்ணி எந்தக் கோயிலுக்கும் போனதில்லை. அன்று பிரசாதத்தில் குங்குமம் பார்த்தேன், எலுமிச்சை பார்த்தேன். கல்கண்டு எங்கே போயிற்று? ஃபால்ஸ் தைக்கிறபோதெல்லாம் இதையே ஊசியோடு சேர்த்துக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கேட்டதில்லை. கேட்டால், தன் பழியை அண்ணி தலையில் போடுகிறாள் பார் என்பார்கள். அண்ணி என்னைப் பார்க்கும்போது நான் தலையைக் குனிவேன். அப்படியே ஓரக்கண்ணால் அவரை அளந்துகொண்டிருப்பேன். இப்படியே வருஷங்கள் ஓடின.

பிறகு அண்ணிக்கே குடலில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார்கள். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். துணைக்கு இருக்க வேண்டியது அவருடைய மகள். அவள் இருப்பது வேளச்சேரியில். அந்த வாரம் கொட்டிய மழையில் அவள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கைக்குழந்தையோடு மாடியில் மாட்டிக்கொண்டு போனில் அழுதாள். இன்னொரு உறவுக்காரிக்குக் காய்ச்சல். கடைசியில் வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

அறைக்குள் நுழைந்ததும் அண்ணி என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீதான் வந்தியா" என்றார். இளைத்துப்போயிருந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் அவரை அப்படிப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அவருடைய கூடையிலிருந்து சாமான்களை எடுத்து அடுக்கும்போது அந்த டம்ளர் கையில் அகப்பட்டது. விளிம்பில் அதே நசுங்கல். எடுத்து மேஜைமேல் வைத்தேன். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நர்ஸ் வந்து இரண்டு பொட்டலம் மாவைக் கொடுத்தாள். "இதத் தண்ணில கலந்து இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க சொல்றப்ப ஒண்ணு குடுங்க. பால்ல கலந்துடாதீங்க. வெறும் தண்ணிதான்."

"இன்னா மாவு இது?" என்றார் அண்ணி.

"சர்க்கரைச் சத்தும்மா."

அவள் போனதும் அண்ணி எழுந்து உட்கார்ந்தார். "ஆப்ரேசன் அன்னிக்கு காலைல சக்கரத் தண்ணி குடுக்கறாங்களாம். எந்த ஊரு நாயம் இது? எதுனா புச்சா கம்பெனி மருந்து வந்துகீது, நம்மள வெச்சு பாக்கறானுங்க." எனக்கும் அதே சந்தேகம்தான். அதைவிடப் பெரிய பயம் வேறு. ஆபரேஷனுக்கு முன்னால் இனிப்புக் கொடுத்தவள் என்ற பெயரை இத்தனை வருஷம் சுமந்தவள் கையிலேயே இப்போது அதைக் கொடுத்துக் கலக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு அண்ணிக்கும் சர்க்கரை ஏறி, தையல் பிரிந்தால்? குடலில் போடுகிற தையல், உயிரே போகலாம். ஆஸ்பத்திரிதான் கொடுத்தது என்று எந்த வராந்தாவில் யாரிடம் போய்ச் சொல்வேன்? நான் பொட்டலத்தைத் தொடவில்லை. அண்ணி அதை எடுத்துத் தலையணைக்கடியில் செருகிவிட்டு, குடித்தாயிற்று என்று நர்ஸிடம் சொன்னார்.

காலையில் படுக்கை விரிப்பை மாற்ற வந்த நர்ஸ் தலையணையைத் தூக்கியதும் பொட்டலம் கீழே விழுந்தது. எத்தனை பேர் இடுப்பில் எத்தனை துணியைப் பிடித்தவர், அண்ணி அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் போய் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். என் வயதுதான் இருக்கும். கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா குடிக்கல?"

"எங்க தம்பிக்கு இப்டிதான் ஆச்சு. ஆப்ரேசனுக்கு முன்னாடி வயித்துல இனிப்பு போச்சு, சக்கர ஏறிகிச்சு, தையல்ல சீழ் புட்ச்சிகிச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணி என் பக்கம் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நேரம் பட்டினி போட்டாங்க?"

அண்ணி சொன்னார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். "அம்மா, ஒண்ணுமே சாப்பிடாதவங்களுக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் சர்க்கரை ஏறும். கத்தி பட்டதும் உடம்பு பயந்துபோய், தான் சேத்து வெச்ச சர்க்கரையை எடுத்து ரத்தத்துல கொட்டும். அத உள்ள வாங்கிக்கோன்னு இன்சுலின் போய்க் கதவத் தட்டும். தசை திறக்காது. வெளில மழைன்னு கதவச் சாத்திட்ட வீடு மாதிரி. முன்னாடி ரொம்ப நேரம் பட்டினி கிடந்திருந்தா இன்னும் கெட்டியா சாத்திக்கும். அதுக்குத்தான் இந்தத் தண்ணி. இதக் குடிச்சா, உடம்பு சாப்பிட்ட உடம்பு மாதிரி இருக்கும், அப்புறம் இன்சுலின் பேச்சக் கொஞ்சம் கேக்கும். வெறும் தண்ணி மாதிரிங்கறதால வயித்துல தங்காது, சீக்கிரம் இறங்கிடும். இதனால எல்லாமே சரியாயிடும்னு நான் சொல்லல. சர்க்கரை வியாதி இருக்கறவங்களுக்கு யோசிச்சுத்தான் குடுப்போம். உங்களுக்கு அது இல்ல, பாத்தாச்சு."

"ஒண்ணுமே துன்னாதவனுக்கு சக்கர ஏறுமா?" அண்ணி மறுபடி கேட்டார்.

"ஏறும்மா. உங்க தம்பிக்கு என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல, என்ன டிரிப் போட்டாங்கன்னும் தெரியாது. ஆனா அதுக்கு யாரும் எதுவும் குடுத்திருக்கணும்னு அவசியம் இல்ல."

 வெளியே மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அண்ணி போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். பிறகு டாக்டரம்மாவைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"ஒரு துண்டு கல்கண்டு வாய்ல போட்டா?"

என் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"கல்கண்டா? அத அன்னிக்கே சொல்லியிருந்தா ஆபரேஷனக் கொஞ்சம் தள்ளி வெச்சிருப்பாங்க. மயக்கத்துல தொண்டைல மாட்டிக்கிட்டா ஆபத்து. ஆனா ஒரு துண்டு கல்கண்டுக்கு நாள் கணக்கா சர்க்கரை ஏறி நிக்காதும்மா."

"நிக்காதா?"

"நிக்காது."

அண்ணி முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இப்பவே குடித்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அங்கேயே நின்றேன். இத்தனை வருஷமாக என் கூடையை முகர்ந்தவர், தன் கையைத்தான் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார். தம்பியைக் கெடுத்தது தானோ என்ற பயத்தை வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. மாடிப்படியில் காபி குடித்த நான் வாகாக அகப்பட்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள்.

"இன்னா பாத்துகினு நிக்கறே" என்றார் அண்ணி. "கலக்கு."

"நர்ஸ வரச் சொல்லட்டா அண்ணி?"

"நீ கலக்கு."

இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து அந்த டம்ளரிலேயே கலக்கினேன். ஸ்பூன் டம்ளரில் பட்டுச் சத்தம் போட்டது. நீட்டியதும் வாங்கினார். பழக்கத்தில் டம்ளர் மூக்கு வரைக்கும் போனது. அங்கே நின்றது. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. டம்ளர் மூக்கிலிருந்து இறங்கி வாய்க்குப் போனது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கல்யாண வூட்டு ரஸ்னா மாரி கீது" என்றார்.

ஆபரேஷன் முடிந்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்க நர்ஸ் வந்தபோதெல்லாம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கூடியது, ஊசி போடுகிற அளவுக்குப் போகவில்லை. அந்தத் தண்ணீரால்தானா, அவருடைய உடம்பு வாகா, எனக்குச் சொல்லத் தெரியாது. தையல் நின்றது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கல்கண்டைப் பற்றிக் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, அக்கா வாய்ல போட்டுச்சு" என்றார். "அப்ப ஏன் ஒண்ணும் துன்னலன்னு சொன்னீங்க?" என்றேன். "பிரசாதம்மே அது. அத போய் துன்னறதுன்னு சொல்லுவாங்களா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. முகர்வதையும் விடவில்லை. நான் கொடுக்கிற காபியையும் முகர்ந்துதான் குடித்தார். ஆனால் அதற்குப் பிறகு யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் போன் எனக்கு வந்தது. "அவள அனுப்பு" என்பாராம். என்மேல் நம்பிக்கையா, கடன் தீர்ப்பதா, இல்லை, தன் ரகசியம் தெரிந்தவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனமா? கடைவாசலில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவர், எதுவாகவும் இருக்கலாம். போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். கடைசி இரண்டு நாளும் துணைக்கு நான்தான் இருந்தேன்.

காரியம் முடிந்ததும் அவருடைய மகள் இந்த டம்ளரைக் கொண்டு வந்து கொடுத்தாள். "அத்தே, இத உங்களுக்குக் குடுக்கச் சொல்லிச்சு அம்மா." சொன்னாரா, அல்லது அடியில் பெயர் தேய்ந்துபோன பழைய டம்ளரை இவளாக ஒழித்துவிட்டாளா என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை. காலையில் அதில்தான் காபி ஊற்றிக்கொள்கிறேன். மூக்கருகே கொண்டு போகிறேன். காபி வாசனைதான் வருகிறது. அன்றைக்கு அண்ணி இதில் கண்டுபிடித்ததும் இவ்வளவுதான். கூடத்தில், எல்லோருக்கும் எதிரில், நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கிறேன்.